மூன்று ஆய்வகம், மூன்று கொழுப்புக் கணக்கு

கேள்வி:

வணக்கம் அம்மா. எனக்கு வயது 51, சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அப்பாவுக்கு 58 வயதில் பைபாஸ் ஆனது. மார்ச் மாதம் வேலையிடத்தில் நடந்த உடல்நலப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 6.4, கெட்ட கொழுப்பு 4.5 என்று வந்தது. அன்று நல்ல கூட்டம், முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு ரத்தம் கொடுத்தேன். ஐந்து வாரம் கழித்துப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) எடுத்தபோது மொத்தம் 5.8, கெட்டது 3.7. அதற்கு முந்தைய வாரம்தான் கடுமையான சளிக்காய்ச்சலில் படுத்திருந்தேன். ஜூனில் நாத்தனார் மகன் கல்யாணத்துக்குத் திருச்சி போனபோது கணவர் விடாமல் அங்கேயும் எடுக்கவைத்தார். மொத்தம் 238, கெட்டது 161. அந்த 161-ஐப் பார்த்து அவர் பயந்தேபோனார். இங்கே டாக்டர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தொடங்கலாம் என்கிறார். கணவரோ, "மூன்று லேபும் மூன்று விதமாகச் சொல்கிறது, எதை நம்பி மாத்திரை போடுவது? நாலாவதாக ஒரு நல்ல லேபில் பார்த்துவிடுவோம்" என்கிறார். எந்த லேப் சொல்வது சரி? இன்னொன்று, மார்ச் பரிசோதனைக்கு முந்தின இரவு தேக்காவில் மட்டன் பிரியாணி சாப்பிட்டேன். அதனால் கூடியிருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவரின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தியாவில் கொலஸ்ட்ராலை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவார்கள். சிங்கப்பூரில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று எழுதுகிறோம். அந்த ஊர் எண்ணை 38.67 ஆல் வகுத்தால் நம் ஊர் எண் கிடைத்துவிடும். 161 என்பது 4.2, 238 என்பது 6.2. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடுக்கு மட்டும் வகுக்கும் எண் வேறு, 88.57. ஆக, உங்கள் கெட்ட கொழுப்பு, அதாவது எல்டிஎல், மூன்று தடவையில் 4.5, 3.7, 4.2. இப்படி ஒரே வரிசையில் எழுதிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு என் பதில் இது: மூன்று ஆய்வகமும் உங்களுக்கு ஒரே செய்தியைத்தான் சொல்லியிருக்கின்றன. ரத்தத்தை அளக்கும் வேலையிலேயே என் காலம் கழிந்திருக்கிறது. சக தொழில்காரர்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இதைச் சொல்லவில்லை. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், நீங்களே பாருங்கள்.

ஓர் ஆய்வகத்தின் அளவு சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சந்தையில் காய் வாங்கும்போது தராசை நம்புகிறோம். தராசை நம்புவதற்குப் படிக்கல் சரியாக இருக்க வேண்டும். அந்தப் படிக்கல்லை இன்னும் துல்லியமான ஒரு படிக்கல்லோடு ஒப்பிட்டு முத்திரை போட்டிருப்பார்கள். கொலஸ்ட்ராலுக்கும் அப்படி ஒரு படிக்கல் வரிசை உண்டு. அதன் உச்சியில் இருப்பது தூய கொலஸ்ட்ரால் படிகம். 1967-இல் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகம், தூய்மை இத்தனை விழுக்காடு என்று சான்றளித்து அதை வெளியிட்டது. மருத்துவ ஆய்வகங்களுக்கென்று வந்த சான்றளிக்கப்பட்ட பொருள்களில் அதுதான் முன்னோடி.

அதற்கு முந்தைய நிலைமை உங்கள் கணவருக்கு இருக்கும் சந்தேகத்தை முழுக்க நியாயப்படுத்தியிருக்கும். 1949-ஐ ஒட்டிய காலத்தில் ஒரே ரத்த மாதிரியைப் பல அமெரிக்க ஆய்வகங்களுக்குக் கொடுத்தால், கொலஸ்ட்ரால் முடிவுகளின் பரவல் 24 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஆபெல், கெண்டல் முதலியோர் 1952-இல் வகுத்த முறை, பிறகு அட்லாண்டாவின் நோய்த் தடுப்பு மையங்கள் நடத்திய தரப்படுத்தும் திட்டம், அதன் பிறகு இந்தத் தூய படிகம் என்று படிப்படியாக அந்தப் பரவல் சுருங்கியது.

இன்று உச்சியில் இருக்கும் முறைக்கு ஐசோடோப்பு நீர்த்தல் நிறை நிறமாலை அளவியல் என்று பெயர். பெயர்தான் பயமுறுத்தும், உள்ளே இருக்கும் யுக்தி சமையலறை யுக்தி. ஒரு பானை நிறைய வெள்ளை உளுந்து இருக்கிறது, எத்தனை என்று தெரியாது, எண்ணவும் முடியாது. அதில் கறுப்பு உளுந்து ஆயிரத்தை எண்ணிப் போட்டு நன்றாகக் கலந்துவிடுகிறீர்கள். பிறகு ஒரு கைப்பிடி அள்ளி, கறுப்பு ஒன்றுக்கு வெள்ளை எத்தனை என்று பார்க்கிறீர்கள். ஒன்றுக்கு எட்டு என்றால் பானையில் எட்டாயிரம். கலந்த பிறகு வழியில் கொஞ்சம் சிந்தினாலும் விகிதம் மாறாது, அதுதான் இதன் அழகு. கறுப்பு உளுந்துக்குப் பதிலாக, சில கார்பன் அணுக்கள் மட்டும் சற்றுக் கனமான கார்பன்-13 ஆக இருக்கும் கொலஸ்ட்ராலை எடைபோட்டுச் சீரத்தில் கலக்கிறார்கள். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு தெளியும் மஞ்சள் நீர். ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொழுப்பு அமிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காரம் சேர்த்து அதைப் பிரித்த பிறகு, கனமானதும் சாதாரணமானதும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று கருவி பார்க்கிறது. இந்த முறையில் வரும் ஐயப்பாடு ஒரு விழுக்காட்டுக்கு அக்கம்பக்கம்தான்.

இந்த உச்சி ஆய்வகங்களும் தங்களுக்குள் பரீட்சை வைத்துக்கொள்கின்றன. பாரிஸுக்கு அருகே செவ்ரில் இருக்கும் பன்னாட்டு எடை அளவு அமைப்பின் கீழ், வேதியியல் அளவுகளுக்கென 1993-இல் ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. அது தொடக்க காலத்தில் நடத்திய முக்கிய ஒப்பீடுகளில் ஒன்று, மனிதச் சீரத்தில் உள்ள கொலஸ்ட்ரால். பல நாடுகளின் அளவியல் நிலையங்கள் ஒரே சீரத்தைத் தனித்தனியாக அளந்து விடையைக் காட்டின. நாட்டுக்கு நாடு கொலஸ்ட்ரால் எண்ணை ஒப்பிடலாம் என்ற நம்பிக்கைக்கு அடித்தளம் அதுதான்.

சிங்கப்பூரில் அந்தப் பொறுப்பு சுகாதார அறிவியல் ஆணையத்தின் வேதியியல் அளவியல் ஆய்வகத்திடம் இருக்கிறது. மனிதச் சீரத்தை இங்குள்ள மருத்துவ ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை சொல்லும் எண்ணை, நான் சொன்ன உளுந்து முறையில் தானே கண்டுபிடித்த எண்ணோடு வைத்துப் பார்க்கிறது. இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வேறு பல ஒப்பீட்டுத் திட்டங்களில் ஓர் ஆய்வகத்தின் முடிவை, அதே நிறுவனத்தின் கருவியை வைத்திருக்கும் மற்ற ஆய்வகங்களின் சராசரியோடு ஒப்பிடுவார்கள். அது தேவையான சோதனைதான், ஆனால் போதாது. வகுப்பில் எல்லோரும் ஒருவனைப் பார்த்தே எழுதினால் எல்லோர் விடையும் ஒத்துத்தானே போகும்?

இதில் நானே பட்ட அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், கருவியைச் சரிசெய்யும் அளவுத் திரவத்தின் புதுத் தொகுதி ஒன்று வந்தது. கருவியைச் சோதிக்கத் தினமும் ஓட்டும் கட்டுப்பாட்டுச் சீரம் எல்லைக்குள்தான் இருந்தது. அதே கருவி வைத்திருந்த மற்றவர்களோடும் ஒத்துப்போனோம். ஆனால் நோயாளிகளின் தினசரிச் சராசரி மட்டும் மெல்ல மேலே நகர்ந்திருந்தது. குறிப்பு முறையில், அதாவது உச்சி ஆய்வகங்கள் பயன்படுத்தும் முறையில், மதிப்பிட்ட சீரத்தை ஓட்டிப் பார்த்தபோதுதான், நாங்கள் ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. பதப்படுத்திய, உலரவைத்த கட்டுப்பாட்டுச் சீரம் கருவிக்குள் நடந்துகொள்வது ஒரு விதம், உங்கள் உடலிலிருந்து வந்த சீரம் நடந்துகொள்வது வேறு விதம். அந்த வித்தியாசம் எங்கள் கண்ணை மறைத்துவிட்டது. 4 விழுக்காடு ஒருவருக்குச் சிறியதுதான். ஆயிரக்கணக்கானவர்களை அளக்கும் இடத்தில், மொத்தக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று சொல்லத் தொடங்கும் 5.2 என்ற கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் எத்தனை பேரை அது மேலே தள்ளியிருக்கும்? அன்று எனக்கு இரவுத் தூக்கம் போனது. ஒப்பீட்டுச் சோதனை வந்தால் இன்றும் நான் மற்ற வேலையை ஒதுக்கிவிடுவதற்கு அதுவே காரணம்.

சரி, தினசரி வேலை செய்யும் ஆய்வகம் எவ்வளவு தவறலாம்? அமெரிக்கத் தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் வகுத்த எல்லையை உலகம் முழுவதும் பலரும் பின்பற்றுகிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் மொத்தப் பிழை 8.9 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, எல்டிஎல்லில் 12 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அப்படியானால் உண்மையான அளவு 5.2 ஆக இருக்கும் ஒருவருக்கு 4.7 முதல் 5.7 வரை எந்த எண் வந்தாலும் எல்லைக்குள்தான். நல்ல ஆய்வகங்கள் இதைவிட நெருக்கமாகவே அளக்கின்றன. ஆனாலும் அறிக்கையில் தசமப் புள்ளியோடு அச்சாகி வரும் எண்ணைச் சுற்றி இப்படி ஓர் அகலம் இருக்கிறது.

எல்டிஎல்லுக்கு எல்லை ஏன் தளர்வு என்றால், பெரும்பாலான இடங்களில் அதை நேரடியாக அளப்பதே இல்லை. கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். மொத்தத்திலிருந்து நல்ல கொழுப்பான எச்டிஎல்லைக் கழித்து, டிரைகிளிசரைடை 2.2 ஆல் வகுத்து அதையும் கழிப்பது 1972-இல் ஃபிரீட்வால்டு குழுவினர் தந்த சூத்திரம். நீங்கள் அனுப்பிய முதல் இரண்டு அறிக்கையும் அப்படித்தான். மார்ச்சில் எச்டிஎல் 1.2, டிரைகிளிசரைடு 1.6. 6.4-இல் அவற்றைக் கழித்தால் 4.5. பலதுறை மருந்தகத்தில் எச்டிஎல் அதே 1.2, டிரைகிளிசரைடு 2.0 ஆகக் கூடியிருந்தது. 5.8-இல் கழித்தால் 3.7. மூன்று அளவுகளின் சிறு சிறு பிழையெல்லாம் கடைசி எண்ணின் தலையில்தான் விடியும். டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது. திருச்சி அறிக்கையில் நேரடி அளவு என்று போட்டிருக்கிறது, ஆக அது முறையிலேயே வேறு.

டிரைகிளிசரைடைக் கழிக்க வேண்டாம் என்றால் இன்னொரு வழி உண்டு. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழித்துப் பாருங்கள். உங்களுக்கு 5.2, 4.6, திருச்சியில் 5.0. இதில் டிரைகிளிசரைடின் ஆட்டம் இல்லை, அதனால் எண்கள் இன்னும் நெருங்கி நிற்கின்றன.

இனி உங்கள் உடலுக்கு வருவோம். ஆய்வகத்தைவிட அதிகம் அசைவது அதுதான். எந்த நோயும் இல்லாத ஒருவரின் மொத்தக் கொலஸ்ட்ராலே வாரத்துக்கு வாரம் 5, 6 விழுக்காடு ஏறி இறங்கும். எல்டிஎல் 8 விழுக்காடு, டிரைகிளிசரைடு 20 விழுக்காட்டையும் தொடும். அதன் மேல் ரத்தம் எடுக்கும் விதம் சேர்கிறது. நின்றுகொண்டிருந்தால் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிந்து ரத்தம் சற்றுக் கெட்டியாகும். இருபது நிமிடம் படுத்திருந்தவரின் கொலஸ்ட்ரால், நின்றிருந்தபோது இருந்ததைவிடச் சுமார் 10 விழுக்காடு குறைந்து காட்டும். கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவைத்தாலும் எண் ஏறும். காய்ச்சலும் தொற்றும் எல்டிஎல்லை இறக்கி, டிரைகிளிசரைடை ஏற்றும். அந்த இறக்கம் நீங்கச் சில வாரங்கள்கூட ஆகலாம்.

உங்கள் கடிதத்தை இப்போது மறுபடி படித்துப் பாருங்கள். மார்ச்சில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கொடுத்தீர்கள், எண் மேலே. அடுத்த தடவை சளிக்காய்ச்சல் முடிந்த வாரம், எல்டிஎல் கீழே, டிரைகிளிசரைடு மேலே. இத்தனைக்கு இத்தனை என்று நான் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் போன திசை, நான் எதிர்பார்க்கும் திசைதான். என்னைக் கேட்டால், மூன்றில் மிகக் குறைவாக நம்பவேண்டியது அந்த 3.7. பலதுறை மருந்தகத்தின் மேல் குறை சொல்லவில்லை. அன்று உங்கள் உடல் வழக்கமான நிலையில் இல்லை.

நான் போட்டுக் காட்டுவதாகச் சொன்ன கணக்கு இதோ. இரண்டு எண்கள் உண்மையிலேயே மாறிவிட்டனவா என்று பார்க்க, ஆய்வகத்தின் அசைவையும் உடலின் அசைவையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 2.77 ஆல் பெருக்குவோம். எல்டிஎல்லுக்கு ஆய்வகம் 3, உடல் 8 என்று வைத்தால் விடை ஏறக்குறைய 24 விழுக்காடு. அதாவது 24 விழுக்காட்டுக்குள் இருக்கும் வித்தியாசத்தை மாற்றம் என்று சொல்லவே முடியாது. 4.5-க்கும் 3.7-க்கும் இடையே இருப்பது 18 விழுக்காடு. அதுவும் ஒரே ஆய்வகத்தில் இரண்டு தடவை எடுத்தால் வரும் கணக்கு இது. உங்களுடையது மூன்று ஆய்வகம், இரண்டு நாடு, இரண்டு முறை. அப்படியிருந்தும் இவ்வளவு நெருக்கமாக வந்திருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம்தான்.

ஆகவே நாலாவது ஆய்வகம் வேண்டாம். இதை உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் பிடித்த எண் வரும்வரை ஆய்வகம் மாறிக்கொண்டே இருந்தால், என்றாவது ஒருநாள் பிடித்த எண் வந்தே தீரும். உடல் அசைகிறதே, வராமல் எங்கே போகும்? அப்படி வந்த ஒரே ஒரு தாளைப் பர்ஸில் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வருடம் மருத்துவரைப் பார்க்காமலேயே இருந்தவர்களை எனக்குத் தெரியும். அப்பாவுக்கு 58-இல் பைபாஸ், உங்களுக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம், அதோடு நம் தெற்காசிய மக்களிடம் மாரடைப்பு அதிகம் என்பது இந்த ஊரில் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இந்த நிலையில் உங்கள் மூன்று எண்களின் சராசரி 4.1.

மாத்திரை வேண்டுமா என்று முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் குடும்ப மருத்துவர். நான் அளப்பவள், மருந்து எழுதுபவள் அல்ல. வயது, ரத்த அழுத்தம், புகை, சர்க்கரை எல்லாம் சேர்த்துப் பத்து வருட அபாயத்தை அவர் கணக்கிடுவார், அதைப் பொறுத்து எல்டிஎல் எவ்வளவுக்குக் கீழே வர வேண்டும் என்ற இலக்கு மாறும். அந்தக் கணக்கை உங்கள் எதிரிலேயே போட்டுக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்காதீர்கள். 3.7 என்று வைத்தால் முடிவு மாறுமா, 4.5 என்று வைத்தால் மாறுமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் எந்த ஆய்வகம் சரி என்ற கேள்விக்கே வேலையில்லை.

அவர் மீண்டும் ஒரு தடவை பார்க்கலாம் என்றால், ஏற்கெனவே எடுத்த பலதுறை மருந்தகத்திலேயே எடுங்கள். காய்ச்சல், சளி எதுவும் இல்லாமல் ஒரு மாதமாவது ஆகியிருக்கட்டும். போனதும் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கொடுங்கள். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாதாரண ஆய்வகக் கருவி நொதி வினையில் உண்டாகும் நிறத்தை வைத்துத்தான் கொலஸ்ட்ராலைக் கணக்கிடுகிறது, அந்த வைட்டமின் நிறத்தை மங்கவைத்து எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சிறு கருவிகள் முதல்கட்டச் சோதனைக்குச் சரி, மருந்து முடிவுக்கு நரம்பில் எடுத்த ரத்தமே வேண்டும்.

ஸ்டேட்டின் தொடங்கினால் இந்த அசைவுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். நடுத்தர அளவு மாத்திரையே எல்டிஎல்லை 30 விழுக்காட்டுக்கு மேல் இறக்கும், பலருக்கு 50 விழுக்காட்டை நெருங்கும். நாம் சற்றுமுன் கணக்கிட்ட 24-ஐ அது தாண்டிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து உங்கள் 4.1 இருந்த இடத்தில் இரண்டே முக்காலோ அதற்குக் கீழேயோ வந்தால், அது மாத்திரை செய்த வேலை என்று தைரியமாக நம்பலாம். அப்போதும் அதே மருந்தகத்தில்தான் எடுக்க வேண்டும்.

தேக்கா பிரியாணியைக் கேட்டிருந்தீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு ஏற்றுவது டிரைகிளிசரைடைத்தான், அதுவும் சில மணி நேரத்துக்கு. எல்டிஎல்லை ஓர் இரவு விருந்து அவ்வளவாக அசைக்காது. கழித்தல் சூத்திரத்தில் டிரைகிளிசரைடு கூடினால் எல்டிஎல் சற்றுக் குறைவாகத்தான் வரும். மார்ச்சில் உங்கள் டிரைகிளிசரைடு 1.6, மூன்றில் அதுதான் குறைவு. எனவே அந்த 4.5-க்குப் பழி பிரியாணி மேல் இல்லை, சகோதரி.